மயிலைக் குதிரைக்கு மறைக் குட்டி பிறக்குமா?

கடிதத்தின் சுருக்கம்

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி வசிக்கும் வாசகி ஒருவர் எழுதிய ஆறு பக்கக் கடிதத்தின் சாரம் இது. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டேன். அவரிடம் 12 வயதுப் பெண் குதிரை ஒன்று இருக்கிறது. கிண்டியில் பந்தயம் ஓடி ஓய்ந்த தரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்), உயரம் 15.3 ஹேண்ட் (ஒரு ஹேண்ட் நான்கு அங்குலம்), இதுவரை ஈன்றதில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் வாங்கியபோது இரும்புச் சாம்பல் நிறத்தில் இருந்தது, இப்போது ஏறக்குறைய வெள்ளையாகிவிட்டது. அவருடைய 13 வயது மகள் அதன்மேல் ஏறித் தடை தாண்டக் கற்று, 1.10 மீட்டர் வரையிலான போட்டிகளில் கலந்துகொண்டிருக்கிறாள். வலது முன்காலின் தசைநாண் வீங்கியதிலிருந்து, இரண்டு ஆண்டுகளாக, உயரமான தடைகளை நிறுத்திவிட்டார்கள். இனி அதனிடம் ஒரு குட்டி எடுக்க வேண்டும், அது வெள்ளைத் திட்டுகளோடு பிறக்க வேண்டும், தடை தாண்டும் குதிரையாகவும் வளர வேண்டும் என்பது தாய்க்கும் மகளுக்கும் உள்ள ஆசை.

இணை சேர்க்க மூன்று பொலிகுதிரைகளை, அதாவது ஆண் குதிரைகளை, பார்த்து வைத்திருக்கிறார். முதலாவது ஐரோப்பாவில் உள்ளது; வெள்ளையும் கருப்பும் திட்டுத்திட்டாகக் கலந்த வார்ம்பிளட் (விளையாட்டுக்கென ஐரோப்பாவில் வளர்த்தெடுத்த இனம்), 17 ஹேண்ட், 1.45 மீட்டர் போட்டிகளில் தாண்டியது. அதன் உறைவிந்தை வரவழைத்துத் தருவதாகச் சொல்லும் தரகர், "நூற்றுக்கு நூறு புள்ளிக் குட்டிதான்" என்று உறுதியும் தருகிறார். இரண்டாவது, ஓசூர்ப் பக்கத்துப் பண்ணையில் உள்ள, மார்வாரி என்ற ராஜஸ்தான் இனக் குதிரை. வடக்கே அப்லக் என்று அழைக்கப்படும் திட்டு நிறம், தாயும் தகப்பனும் அப்லக். ஆள் ஏறாமல் அது ஒரு தடையைத் தாண்டும் வீடியோ மட்டும் வந்திருக்கிறது. மூன்றாவது பெங்களூருக்கு அருகே நிற்கிறது. தகப்பன் வார்ம்பிளட், தாய் தரோபிரெட், ஆறு ஆண்டுகளாக அங்கேயே வேலை செய்கிறது, 1.30 மீட்டர் வரை தாண்டியிருக்கிறது, அதன் குட்டிகள் நான்கு இப்போது போட்டிகளில் இருக்கின்றன. "நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வெறும் பழுப்பு" என்ற ஒரே வரியில் வாசகி அதை ஒதுக்கிவிட்டார்.

எதைத் தேர்ந்தெடுப்பது, தரகர் சொல்வது உண்மையா, 17 ஹேண்ட் குதிரைக்குச் சினையானால் ஈனும்போது தாய்க்கு ஆபத்தா, மார்வாரிக்குச் சுழி சரியில்லை என்றும் வெள்ளைக் குளம்பு தேய்ந்துபோகும் என்றும் மாமனார் சொல்வதை எடுத்துக்கொள்வதா என்று கேட்டிருக்கிறார். இரண்டு மூன்று ஆண்டுகளில் மகள் அந்தக் குட்டியின் மேல் போட்டிக்குப் போகலாம் என்ற கணக்கும் கடிதத்தின் இறுதியில் இருக்கிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு குதிரையின் பாஸ்போர்ட் நகலையும், தரகர் கொடுத்த வம்சாவளித் தாளின் படத்தையும் இணைத்திருந்தீர்கள். நல்ல காரியம் செய்தீர்கள். உங்கள் கேள்விகளில் பாதிக்கு அந்த இரண்டு தாள்களிலேயே விடை இருக்கிறது. அந்த விடை உங்களுக்குச் சற்று ஏமாற்றம் தரும் என்பதால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் குதிரை வெள்ளைக் குதிரை அல்ல. அது சாம்பல் குதிரை. காங்கேயம் மாடு வளர்ப்பவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே விளங்கும்: காங்கேயம் கன்று செந்நிறத்தில் பிறந்து சில மாதங்களில் மயிலையாக, அதாவது சாம்பல் நிறமாக, மாறும். குதிரையிலும் நடப்பது ஏறக்குறைய அதுதான், ஆனால் மெதுவாக நடக்கும். கருப்பாகவோ செந்நிறமாகவோ பிறந்த குட்டி ஆண்டுக்கு ஆண்டு நரைத்து, ஆறிலிருந்து பத்து வயதுக்குள் வெளுத்துவிடும். இதற்குக் காரணமான மரபணு மாற்றம் 2008இல் கண்டறியப்பட்டது. தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ அதன் ஒரு பிரதி வந்தாலே போதும், குட்டி நரைக்கும். மற்ற எந்த நிறத்தோடு பிறந்திருந்தாலும் அதை நரை மூடிவிடும். மாட்டில் மறை என்று நாம் சொல்லும் வெள்ளைத் திட்டுகளும் அதற்கு விலக்கல்ல.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், நரைத்த குதிரை ஒன்றுக்குத் திட்டு நிறப் பொலிகுதிரையை இணை சேர்க்க நானே ஏற்பாடு செய்தேன். கருப்பும் வெள்ளையுமாக, வரைந்து வைத்தது போன்ற குட்டி பிறந்தது. வீட்டார் ஊரைக் கூட்டிப் பெயர் வைத்தார்கள். மூன்றாம் மாதம், பிறந்த மயிர் உதிர்ந்தபோது, அதன் கண்ணைச் சுற்றி மூக்குக் கண்ணாடி போட்டது போல நரை தெரிந்தது. ஐந்து வயதில் அது தாயைப் போலவே நின்றது. "டாக்டர், குதிரையை யாராவது மாற்றிவிட்டார்களா?" என்று உரிமையாளர் கேட்டார். குளிப்பாட்டும்போது, நனைந்த மயிருக்கு அடியில் கருந்தோலும் செந்தோலுமாகப் பழைய திட்டுகள் தெரியும், உலர்ந்ததும் மறைந்துவிடும். முன்கூட்டியே சொல்லாதது என் பிழை. அதனால்தான் உங்களிடம் இதை முதலில் சொல்கிறேன்.

நிறக் கணக்கு

பாஸ்போர்ட்டில் உங்கள் குதிரையின் தகப்பன் சாம்பல், தாய் பழுப்பு என்று இருக்கிறது. பழுப்புத் தாயிடம் நரை மரபணு இருக்க வழியில்லை. ஆகவே உங்கள் குதிரையிடம் இருப்பது தகப்பன் கொடுத்த ஒற்றைப் பிரதிதான். நரை மரபணு இல்லாத எந்தப் பொலிகுதிரையோடு சேர்த்தாலும் அதன் குட்டிகளில் சரிபாதி நரைக்கும், சரிபாதி நரைக்காது. இதற்குப் பரிசோதனைச் செலவுகூடத் தேவையில்லை.

இனி தரகரின் உறுதிமொழியைப் பார்ப்போம். வார்ம்பிளட்டிலும் மார்வாரியிலும் நாம் காணும் பெரிய, விளிம்பு தெளிவான வெள்ளைத் திட்டுகள் பெரும்பாலும் டோபியானோ என்ற வகையைச் சேர்ந்தவை. கால்கள் வெள்ளையாக இருக்கும், வெள்ளை முதுகைத் தாண்டிக் குறுக்கே போகும், முகம் மட்டும் சாதாரணக் குதிரையைப் போல இருக்கும். (நெற்றியிலும் வெள்ளை விழுந்துவிட்டால் பெரியவர்கள் பஞ்சகல்யாணி என்று மகிழ்வார்கள்.) டோபியானோவும் ஆதிக்க மரபணுதான், ஒரு பிரதி போதும். ஆனால் இரண்டு பிரதிகள் உள்ள பொலிகுதிரைதான் எல்லாக் குட்டிகளுக்கும் அதைக் கொடுக்கும். ஒற்றைப் பிரதி உள்ளது பாதிக் குட்டிகளுக்கே கொடுக்கும். இரண்டு பிரதிகள் வேண்டுமென்றால் தாய், தகப்பன் இருவரும் டோபியானோவாக இருந்திருக்க வேண்டும். தரகர் கொடுத்த தாளை மறுபடி எடுத்துப் பாருங்கள். அந்தக் குதிரையின் தாய் திட்டில்லாத பழுப்பு என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறது. ஆகவே "நூற்றுக்கு நூறு" என்பது அவர் கொடுத்த தாளாலேயே பொய்யாகிறது. அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை, படிக்காமலும் கொடுத்திருக்கலாம்.

டோபியானோவும் நரையும் வெவ்வேறு குரோமோசோம்களில் இருப்பதால், ஒன்று வருவதும் வராததும் மற்றொன்றைப் பொறுத்ததல்ல. திட்டு வருவதற்குப் பாதி வாய்ப்பு, நரை வராமல் இருப்பதற்குப் பாதி வாய்ப்பு. இரண்டும் கூடி வருவதற்குக் கால்பங்கு. ஐரோப்பியப் பொலிகுதிரைக்கு இவ்வளவு செலவு செய்து, நீங்கள் மனத்தில் வரைந்து வைத்திருக்கும் அந்தக் குட்டி, வளர்ந்த பிறகும் அதே நிறத்தில் நிற்பதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். ஓசூர் மார்வாரிக்கு இரு பெற்றோரும் அப்லக் என்பதால் இரண்டு பிரதிகள் இருக்கக்கூடும். ஆனால் அந்தப் பெற்றோர் இருவரும் ஒற்றைப் பிரதியுடையவர்களாக இருந்தால், அவர்களுக்குப் பிறக்கும் திட்டுக் குட்டிகளில் மூன்றில் ஒன்றுதான் இரட்டைப் பிரதியோடு பிறக்கும். வெள்ளைத் திட்டுக்குள் பூனை நடந்த தடம் போலச் சின்னச்சின்னக் கரும்புள்ளிகள் இருந்தால் அது இரட்டைப் பிரதிக்கு அடையாளம் என்று பண்ணைக்காரர்கள் சொல்வார்கள். அது ஒரு குறிப்பு, சான்று அல்ல. பிடரி மயிரை வேரோடு பிடுங்கி மரபணு ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் உறுதியாகத் தெரியும். அப்படி உறுதியானாலும் உங்கள் குதிரையின் நரை நடுவில் நிற்பதால், வாய்ப்பு பாதிக்கு மேல் போகாது.

திட்டு நிறங்கள் எல்லாம் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஃபிரேம் என்ற வேறொரு வகையில், தாய் தகப்பன் இருவரும் அதைச் சுமந்தால், நான்கில் ஒரு குட்டி முழு வெள்ளையாகப் பிறந்து, குடலில் நரம்பணுக்கள் இல்லாததால் சாணம் போட முடியாமல் சில நாட்களில் வலியோடு இறந்துவிடும். இதற்கான மரபணு 1998இலிருந்து அறியப்பட்டிருக்கிறது. ஒருவரிடம் மட்டும் இருந்தால் இந்த ஆபத்து இல்லை. உங்கள் குதிரை வெளுத்துவிட்டதால் அதன் பழைய வெள்ளை அடையாளங்களைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஆகவே திட்டு நிறப் பொலிகுதிரையைத்தான் தேர்ந்தெடுப்பீர்கள் என்றால், உங்கள் குதிரையின் மயிரையும் இந்த ஒரு பரிசோதனைக்கு அனுப்பிவிடுங்கள். வார்ம்பிளட்டில் மறைந்திருக்கும், தோலும் மூட்டுகளும் நொய்ந்த குட்டியைப் பிறப்பிக்கும் பரம்பரை நோய்க்கான பரிசோதனை முடிவையும் ஐரோப்பியப் பண்ணையிடம் கேட்டு வாங்குங்கள்; முறையான பண்ணைகள் அதைத் தயாராக வைத்திருக்கும்.

பொலிகுதிரையைத் தாயின் குறையிலிருந்து தேட வேண்டும்

நிறத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதிய நீங்கள், உங்கள் குதிரை தாண்டும் விதத்தைப் பற்றி இரண்டே வாக்கியம் எழுதியிருக்கிறீர்கள்: தடையைக் கண்டதும் பாய்கிறது, முன்கால்களைத் தொங்கவிட்டு மேல் கம்பைத் தட்டுகிறது. எனக்கு அந்தக் கடிதத்தில் மிக முக்கியமான இடம் அதுதான். முழங்காலை மார்புவரை இறுக்கி மடக்குவதும், தடைக்கு முன் கடைசி மூன்று எட்டுகளில் நிதானமாகத் தூரம் பார்ப்பதும் ஓரளவு பழக்கத்தாலும் ஓரளவு பிறவியாலும் வருபவை. தாயிடம் குறைவாக இருப்பதைத் தகப்பனிடம் நிறைவாகத் தேட வேண்டும். இருவரிடமும் அதே குறை இருந்தால் குட்டி எந்த நிறத்தில் இருந்தாலும் கம்பைத் தட்டத்தான் செய்யும்.

அந்த அளவுகோலில், நீங்கள் ஒதுக்கிவிட்ட பழுப்புக் குதிரையைப் பாருங்கள். அது ஆளைச் சுமந்து, கூட்டத்துக்கு நடுவே, 1.30 மீட்டர் தாண்டியிருக்கிறது. அதன் குட்டிகள் நான்கும் கண்ணெதிரே போட்டிகளில் இருக்கின்றன. நேரில் போய்ப் பார்க்கலாம், அவற்றின் மேல் ஏறுபவர்களிடம் குணம் எப்படி என்று கேட்கலாம். ஒரு பொலிகுதிரையின் தரத்தை அதன் கோப்பைகள் காட்டுவதைவிட அதன் குட்டிகள்தாம் நன்றாகக் காட்டும். ஐரோப்பியக் குதிரை 1.45 மீட்டர் தாண்டியது என்பது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் குட்டிகளைப் பற்றித் தரகரிடம் ஒரு தகவலும் இல்லை. மார்வாரியோ, ஆள் ஏறாமல், ஒரே தடையை, ஒரே முறை தாண்டியிருக்கிறது. தடையின் உயரத்தை அளந்தவர் யார் என்றும் தெரியவில்லை. மார்வாரி அழகிலும் தாங்குதிறனிலும் குறைந்ததல்ல. ஆனால் அந்த இனம் தலைமுறை தலைமுறையாகப் போருக்கும் நெடும்பயணத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டது, தடை தாண்டுவதற்கு அல்ல.

திட்டு நிறக் குதிரை நன்றாகத் தாண்டாது என்ற பழைய எண்ணமும் தவறுதான். நெதர்லாந்தில் சாம்பெர் என்ற டோபியானோ பொலிகுதிரை அந்நாட்டு வார்ம்பிளட் பதிவேட்டின் அங்கீகாரம் பெற்றிருக்கிறது. நிறத்துக்கும் தாண்டும் திறனுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. தடை தாண்டுவதற்கென்று வளர்க்கப்படும் வார்ம்பிளட்களில் மிகப் பெரும்பாலானவை பழுப்பும் செந்நிறமும் சாம்பலும்தான். திட்டு வேண்டும் என்று நீங்கள் முதலிலேயே சொல்லிவிட்டால், நல்ல பொலிகுதிரைகளில் பெரும்பகுதியைப் பார்க்காமலேயே ஒதுக்கிவிட்டு, மிச்சமிருக்கும் ஒரு சிலவற்றுக்குள் தேடுகிறீர்கள் என்று பொருள். துணிக்கடையில் நிறத்தைப் பார்த்து எடுத்த புடவை சாயம் போனால் மாற்றிக்கொள்ளலாம். இது இருபத்தைந்து ஆண்டுகள் உங்கள் லாயத்தில் நிற்கப்போகும் உயிர்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் சென்னையில் குதிரை வைத்திருப்பவர்களுக்கு இது தலையாய விஷயம். மே மாதம் மாலை நான்கு மணிக்கு, கடற்காற்று இறங்காத ஒரு நாளில், லாயத்தில் நிற்கும் குதிரைகளின் மார்பில் கை வைத்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றின் மார்பு நனைந்திருக்கும். ஒன்றிரண்டு மட்டும் மூக்குத் துளைகளை விரித்து, விலா ஏறி இறங்க மூச்சு வாங்கிக்கொண்டு, தோல் மட்டும் காய்ந்த துணி போல நிற்கும். வியர்வை நின்றுபோன குதிரைகள் அவை. வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களில், தரோபிரெட்டிலும் வார்ம்பிளட்டிலும் இது அதிகம். சில குடும்பங்களில் தொடர்ந்து வருவதையும் கவனித்திருக்கிறார்கள். குளிர்நாட்டில் 1.45 மீட்டர் தாண்டிய குதிரையின் பெரிய உடம்பும் கனத்த தசையும் உங்கள் குட்டிக்கு வந்தால், அது நம் கோடையை எப்படித் தாங்கும் என்பதற்கு அந்தத் தகப்பன் எந்தச் சான்றும் தர முடியாது. பெங்களூர்க் குதிரை நம் ஊரை விடக் குளிர்ந்த இடத்தில் இருந்தாலும், ஆறு ஆண்டுகள் இந்த நாட்டு வெயிலில் வேலை செய்திருக்கிறது. அதன் குட்டிகளில் ஏதாவது சென்னையில் இருந்தால், கோடையில் ஒரு மாலை போய் அதன் மார்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். இன்னொன்று: வெள்ளைத் திட்டுக்கு அடியில் தோல் செந்நிறமாக இருப்பதால், மூக்கிலும் கண்ணைச் சுற்றியும் வெள்ளை உள்ள குதிரைகளுக்கு நம் வெயிலில் தோல் வெந்துபோகும்.

சுழி, குளம்பு, உயரம்

மாமனாரிடம் சண்டை போட வேண்டாம். சுழி பார்ப்பது நம் நாட்டுக் குதிரை வணிகத்தில் ஆழமாக வேரூன்றியது, விற்கும்போது விலையையும் பாதிக்கும். அந்த அளவுக்கு அவர் சொல்வதில் உலக அனுபவம் இருக்கிறது. ஆனால் மயிர் சுழலும் திசை குட்டியின் ஆரோக்கியத்தையோ வீட்டின் நலத்தையோ தீர்மானிப்பதில்லை. வெள்ளைக் குளம்பு கருங்குளம்பைவிட மென்மையானது என்பதற்கும் ஆதாரம் கிடையாது. குளம்பின் உறுதியைத் தீவனமும் தரையின் ஈரமும் லாடம் கட்டுபவரின் கையும் தீர்மானிக்கின்றன.

17 ஹேண்ட் பொலிகுதிரையைப் பற்றிய அச்சமும் தேவையற்றது. மிகப் பெரிய ஷையர் இனத்தையும் மிகச் சிறிய ஷெட்லாண்ட் இனத்தையும் இரு வழியிலும் கலந்து பார்த்த வால்டன், ஹாமண்ட் ஆகியோரின் ஆய்வு 1938இல் வெளியானது. ஷெட்லாண்ட் தாய்க்குப் பிறந்த குட்டி சிறிதாகவும், ஷையர் தாய்க்குப் பிறந்த குட்டி பெரிதாகவும் இருந்தது. தகப்பன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், கருப்பைக்குள் குட்டி எவ்வளவு வளர்வது என்பதைத் தாயின் உடம்பே கட்டுப்படுத்துகிறது. உங்கள் குதிரையும் சிறியதல்ல.

சினைக்கு முன்னும் பின்னும்

உண்மையான கவலை வேறு இடத்தில் இருக்கிறது: 12 வயது, முதல் சினை. இந்த வயதுவரை ஈனாத குதிரைகளில் கருப்பை வாய் சரியாகத் திறக்காமல், கருவூட்டிய பின் உள்ளே திரவம் தேங்கிவிடுவது உண்டு. ஆகவே பொலிகுதிரைக்குப் பணம் கட்டுவதற்கு முன், ஸ்கேனும், கருப்பையில் கிருமி இருக்கிறதா என்ற பரிசோதனையும், கருப்பைச் சுவரிலிருந்து சிறு துணுக்கெடுத்துப் பார்க்கும் பரிசோதனையும் செய்துவிடுங்கள். அந்தத் துணுக்கின் தரத்தை வைத்து, குட்டியை முழுக்காலம் சுமக்கும் வாய்ப்பை மதிப்பிடலாம். முதல் தரம் என்றால் 80 விழுக்காட்டுக்கு மேல், கடைசித் தரம் என்றால் 10 விழுக்காட்டுக்கும் கீழ். கடைசித் தரம் வந்தால் இந்தக் கடிதப் போக்குவரத்தையே நிறுத்திவிடலாம். வேப்பேரியில் 1903இலிருந்து இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில்தான் இருக்கிறது. முதலில் அங்கே கேட்டுப் பாருங்கள். அந்த வலது காலையும் அப்போதே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். சினையின் கடைசி மாதங்களில் ஏறும் எடை முன்கால்களில்தான் அதிகம் இறங்கும்.

உறைவிந்து என்றதும், பசுவுக்கு ஊர் மருந்தகத்தில் குச்சியை வைத்துப் போடுவது போல எளிதாக நினைத்துவிட வேண்டாம். குதிரையில் கருமுட்டை வெடித்த ஆறு மணி நேரத்துக்குள் உறைவிந்து உள்ளே போக வேண்டும். அதற்காக, முட்டைப் பை 35 மில்லிமீட்டரை எட்டியதும் ஊசி போட்டு, பிறகு இரவும் பகலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்ய வேண்டியிருக்கும். அதைச் செய்து பழகிய மருத்துவர் கிடைத்த பிறகே இதில் இறங்குங்கள். மேலும், வெளிநாட்டிலிருந்து விந்தைக் கொண்டுவருவது 1898ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டத்தின் கீழ் வருகிறது. அனுப்புவதற்கு முன்பே மத்திய கால்நடைத் துறையின் சுகாதார இறக்குமதி அனுமதி வேண்டும். "தாள் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று தரகர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தாளை உங்கள் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாயும் தராதீர்கள். விந்து வழியாகவே பரவும் வைரஸ் நோய்களும், கருப்பையைக் கெடுக்கும் தொற்றுகளும் இருக்கின்றன. அந்த அனுமதியும் சான்றிதழ்களும் அவற்றைத் தடுக்கத்தான்.

நேரடியாக இணை சேர்ப்பதானாலும், மார்வாரியோ பழுப்போ, அந்தப் பொலிகுதிரைக்குக் கிளாண்டர்ஸ், குதிரைத் தொற்று ரத்தசோகை ஆகிய இரண்டும் இல்லை என்ற அண்மைய சான்றைக் கேளுங்கள். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் அது. உறுதியானால் குதிரையைக் கருணைக் கொலை செய்துவிடுவார்கள். இந்தச் சான்றைக் கேட்டதும் முகம் சுளிக்கும் பண்ணைக்கு உங்கள் குதிரையை அனுப்பாதீர்கள்.

ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். "உயிருள்ள குட்டிக்கு உத்தரவாதம்" என்று வாயால் சொல்வது போதாது. குட்டி எழுந்து நின்று பால் குடித்தால்தான் உயிருள்ள குட்டி என்று எழுதியிருக்க வேண்டும். சினை பிடிக்காவிட்டால் அடுத்த பருவத்துக்கு மறுபடி கட்டணமா, உறைவிந்து என்றால் எத்தனை தவணை, மீந்த குச்சிகள் யாருடையவை என்பதும் அதில் இருக்கட்டும்.

சினைக்காலம் ஏறத்தாழ பதினோரு மாதம். சென்னையில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒன்றரை மணி நேரம்தான் என்பதால், குளிர்நாடுகளைப் போல லாயத்தில் விளக்குப் போட்டுப் பருவத்துக்குக் கொண்டுவர வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. பிப்ரவரியில் சேர்த்தால் மறு ஜனவரியில், வடகிழக்குப் பருவமழையின் சேறு காய்ந்த பிறகு, கோடைக்கு மூன்று மாத அவகாசத்தோடு குட்டி பிறக்கும். கருவூட்டிய 14ஆம் நாளிலிருந்து 16ஆம் நாளுக்குள் சினைப் பரிசோதனை கட்டாயம். தரோபிரெட்டில் இரட்டைக் கரு அடிக்கடி வரும். குதிரையால் இரண்டைச் சுமக்க முடியாது. அந்த நாட்களுக்குள் கண்டுபிடித்தால் ஒன்றை எளிதாக நீக்கிவிடலாம், தாமதித்தால் இரண்டும் போய்விடும். ஈன்ற பிறகு குட்டி ஒரு மணி நேரத்துக்குள் எழ வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்துக்குள் தாய் நஞ்சுக்கொடியைப் போட வேண்டும். இவற்றில் எது தவறினாலும் நடுநிசியானாலும் மருத்துவரை எழுப்பிவிடுங்கள்.

மகளின் கணக்கு

இதை உங்கள் மகள் இருக்கும்போது படிக்க வேண்டாம். தனியாக, பக்குவமாகச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் குட்டி பிறந்தால் அவளுக்கு 14 வயது. குட்டிக்கு மூன்றரை, நான்கு வயதில்தான் முதுகில் ஆள் ஏறலாம். எலும்பு முற்றுவதற்கு முன் தாண்டவிட்டால் கால் போய்விடும். ஐந்து வயதில் சிறு தடைகள், ஆறு வயதில் தாய் தாண்டிய உயரம் என்று வைத்துக்கொண்டால், அப்போது அவள் 20 வயதில் கல்லூரியில் இருப்பாள். சென்னையில் இருப்பாளா என்பதும் தெரியாது. இரண்டு மூன்று ஆண்டுகளில் அவள் போட்டிக்குப் போக வேண்டும் என்றால், பக்குவப்பட்ட ஒரு குதிரையை வாங்குவதோ குத்தகைக்கு எடுப்பதோதான் வழி. அந்தக் குதிரை திட்டு நிறத்தில் வேண்டும் என்றால் தாராளமாகத் தேடுங்கள். வளர்ந்த குதிரையில் நிறம் கண்ணெதிரே இருக்கும், சூதாட வேண்டியதில்லை. குட்டியை வேறொரு கணக்கில், உங்கள் குதிரையின் வாரிசு என்ற காரணத்துக்காக மட்டும், எடுங்கள்.

அப்படி எடுப்பதானால், கருப்பைப் பரிசோதனை நன்றாக வந்தால், என் தேர்வு அந்தப் பழுப்புக் குதிரைதான். ஐரோப்பியக் குதிரையின் மேல் மனம் இன்னும் நின்றால், அதன் குட்டிகளைப் பற்றிய விவரமும் மேலே சொன்ன பரிசோதனை முடிவுகளும் இறக்குமதி அனுமதியும் கையில் வந்த பிறகு மறுபடி எழுதுங்கள். மார்வாரி வேண்டாம், அது நல்ல குதிரையாக இருக்கலாம், ஆனால் நீங்கள் கேட்கும் வேலைக்கான குதிரை அல்ல.

கடைசியாக ஒன்று, இது பொலிகுதிரையைப் பற்றியது அல்ல. நரைத்த குதிரைகளில் 15 வயதைத் தாண்டியவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தோலில் கருங்கட்டிகள் வருகின்றன. உங்கள் குதிரைக்கு 12 ஆகிறது. அடுத்த முறை குளிப்பாட்டும்போது வாலைத் தூக்கி, அதன் அடிப்புறத்தையும் ஆசனவாயைச் சுற்றியும் விரலால் தடவிப் பாருங்கள். பட்டாணி அளவில், உருளும்படி ஏதாவது தட்டுப்பட்டால், கருப்பைப் பரிசோதனைக்குப் போகும் அன்றே அதையும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.